பதின்மூன்றாம் இடம்

கணக்குப் படிப்பிக்கிறவளிடம் வந்து, "விடை எங்களுக்குத் தெரியும், வழியை மட்டும் எழுதித் தாருங்கோ" என்று கேட்டால் எப்படி இருக்கும்? எங்கள் கல்லூரியின் கூடைப்பந்துத் தெரிவுக்குழு என்னிடம் கேட்டது அதைத்தான். வெளிப்படையாகக் கேட்டிருந்தால் முகத்துக்கு நேரே நாலு சொல் சொல்லிவிட்டு எழும்பி வந்திருப்பேன். அவர்கள் தேநீரும் ரோல்ஸும் தந்து, மரியாதையாகக் கேட்டார்கள்.

நான் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். பந்தைக் கையால் தொட்டவள் இல்லை. என்னை மைதானத்துக்கு இழுத்தவள் என் வகுப்புப் பிள்ளை பஸ்லியா. சோனகதெருவில் வீடு. ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். நீளக் கைச்சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணியுமாக எங்கள் பெண்கள் அணியில் மூன்று வருடமாக விளையாடுகிறாள். ஒருநாள் பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு மேசையடியில் வந்து நின்றாள்.

"ரீச்சர், நான் உள்ளுக்கை நிக்கேக்கை நாங்கள் வெல்லுற மாதிரிக் கிடக்கு. ஆனா நான் பெரிசாக் கூடைக்குள்ளை போடுறேல்லை. இது உண்மையோ, சும்மா என்ரை எண்ணமோ? கணக்கிலை பாக்கேலுமோ?"

இருபது வருடப் படிப்பிப்பில் இப்படி ஒரு கேள்வியை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. சோதினைக்கு வருமோ என்று கேட்பார்கள், அவ்வளவுதான். எனக்கு வந்த சந்தோசத்தில் அன்றிரவே இருந்து வாசித்தேன். வெளிநாட்டு அணிகள் இதை எப்போதோ செய்யத் தொடங்கிவிட்டன. ஒருத்தி எத்தனை புள்ளி போட்டாள் என்பதோடு நிற்காமல், அவள் களத்தில் நிற்கும்போது அணி எத்தனை எடுத்தது, எத்தனை விட்டது, அவள் வெளியே வாங்கில் இருக்கும்போது என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். கூட நிற்கிற நாலு பேரின் பலத்தையும் கழித்துப் பார்க்க வழி இருக்கிறது. பல சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்கத் தெரிந்தால் போதும்.

அதற்கு ஒவ்வொரு முறை பந்து கை மாறும்போதும் யார் யார் களத்தில் நிற்கிறார்கள் என்று யாராவது எழுத வேண்டும். முதலில் நான் எழுதினேன். பிறகு நோன்பு மாதம் வந்தது. பஸ்லியா நோன்போடு பயிற்சிக்கு வந்தாள். விளையாட்டு ஆசிரியர் ஹரோல்ட் அவளை இறங்க விடவில்லை.

"தண்ணி குடிக்காமல் இந்த வெய்யிலுக்கை ஓடி விழுந்தியெண்டால் உன்ரை வாப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது? பேசாமல் இரு பிள்ளை."

"ஏலும் சேர். ஓடுவன்."

"இரு எண்டால் இரு."

ஹரோல்ட் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே பயந்துதான் சொன்னார். அவள் சும்மா இருக்காமல் என் மடிக்கணினியை வாங்கி எழுதத் தொடங்கினாள். அந்த மாதம் பயிற்சி ஒன்றும் தவறவில்லை, வடமராட்சிப் பள்ளிக்கூடத்தோடு நடந்த சிநேகபூர்வப் போட்டிகளும் தவறவில்லை. மற்றவர்கள் ஓட ஓட அவள் எழுதினாள். என்னிடம் இருக்கிற தரவில் அரைவாசி அவள் கையால் வந்தது. பெருநாள் முடிந்த அடுத்த நாள் திரும்பக் களத்தில் நின்றாள்.

பருவம் முடிய நான் கணக்கைப் போட்டேன். அவள் நினைத்தது சரி. அவள் நிற்கும்போது நாங்கள் எதிரணியை அடித்து நொறுக்கியிருக்கிறோம். அவள் உட்கார்ந்ததும் பின்தங்கியிருக்கிறோம். நல்ல விளையாட்டுக்காரிகளோடு சேர்ந்து நின்றதால் வந்த பெயரோ என்று சந்தேகப்பட்டு, கூட நின்றவர்களின் பலத்தைக் கழித்தும் பார்த்தேன். அப்போதும் அவள்தான் முன்னுக்கு நின்றாள். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்க்க விளங்கியது. எங்கள் பிள்ளை கூடைக்குக் குறி வைக்கும் நேரம் எதிராளியின் வழியில் போய்த் தூண் மாதிரி நிற்பாள். பந்து பறிபோனால் மற்றவர்கள் தலையில் கை வைக்கிற நேரத்துக்குள் இவள் எங்கள் கூடையடியில் நிற்பாள். இதற்கெல்லாம் புள்ளிப்பலகையில் இடம் இல்லை.

கொழும்பில் நடக்கிற அகில இலங்கைப் போட்டிக்குப் பன்னிரண்டு பேர் போக வேண்டும். அணியில் பதினெட்டுப் பேர். பஸ்லியாவுக்கு இது கடைசி வருடம். அவள் அதற்குமுன் ஒருமுறையும் அங்கே விளையாடினதில்லை. முதல் வருடம் சின்னப் பிள்ளை என்று சேர்க்கவில்லை, போன வருடம் காய்ச்சல். இந்த முறை போனால்தான் போனது.

தெரிவுக்குழுவுக்குத் தலைவர் அருள்நேசன். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர், வங்கி மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சுவரில் படத்தைப் போட்டு விளக்க விளக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்:

"நல்ல வேலை ரீச்சர். ஆனா எங்கடை தாய் தேப்பன்மார் வரிசை இல்லாமல் ஒண்டையும் நம்பாயினம். இதை இசட் புள்ளியாக்கி முதலாம் இடம், ரெண்டாம் இடம் எண்டு போட்டுத் தாருங்கோ."

இசட் புள்ளி என்பது எங்கள் ஊரில் சாமி வரம். பல்கலைக்கழகத்துக்கு யார் போவது, யார் வீட்டில் இருப்பது என்று நாட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் வரிசையில் விடுகிற எண் அது. கலியாணப் பேச்சில்கூடக் கேட்பார்கள். ஐந்து பேர் சேர்ந்து செய்கிற காரியத்தைச் சோதினைப் பேப்பர் மாதிரித் தனித்தனியாகப் பிரிக்கக்கூடாது, யாரோடு யார் நின்றால் நல்லது என்றுதான் இதில் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"என்ன ரீச்சர், இலங்கைப் பிள்ளையள் முழுப்பேரையும் பிரிக்கிற இசட் புள்ளியாலை பதினெட்டுப் பேரைப் பிரிக்கேலாதோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எப்படிப் பிரித்தாலும் பஸ்லியா முன்னுக்கு வருவாள் என்று தெரிந்ததால் நானும் போட்டேன்.

முதலாம் இடம்: பஸ்லியா.

ஹரோல்ட் தொண்டையைச் செருமினார்.

"முதலாம் இடமோ? ஒரு மட்சுக்கு மூண்டு புள்ளி எடுக்கிற பிள்ளையோ? எங்கையோ பிழைச்சுப் போச்சு ரீச்சர்."

"பிழைக்கேல்லை சேர்."

"அப்ப எடுத்த புள்ளிக்கும் ஒரு பங்கு குடுத்துப் பாருங்கோ," என்றார் அருள்நேசன்.

கொடுத்தேன். ஐந்தாம் இடம். கொஞ்சம் மூச்சு விட்டார்கள். பிறகு உயரத்துக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றார்கள், கொழும்புப் பிள்ளைகள் உயரமாம். ஒன்பதாம் இடம். ஒன்பது என்றாலும் பன்னிரண்டுக்குள் தானே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஹரோல்ட் வரவுப் பதிவைத் தூக்கி மேசையில் வைத்தார். ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு நியாயம் வேண்டுமாம்.

பதின்மூன்றாம் இடம்.

"இப்ப பாக்கச் சரியாக் கிடக்கு," என்றார் அருள்நேசன்.

பதிவைப் பிடுங்கிப் பார்த்தேன். நோன்பு மாதம் முழுக்க அவளுக்கு 'வரவில்லை'. ஆனால் என் வகுப்பில் இன்னும் நாலு பேர் அணியில் இருக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு நாள் பயிற்சி நேரத்தில் நல்லூரில் பௌதிகவியல் ரியூசனில் இருக்கிறவர்கள். அவர்களுக்கு எல்லா நாளும் 'வரவு' விழுந்திருந்தது.

"இந்தப் பிள்ளையள் செவ்வாயும் வியாழனும் மைதானத்துப் பக்கமே வாறேல்லையே சேர்?"

"அது ரியூசன், ரீச்சர்."

"ரியூசன் எண்டால்?"

"ரியூசனுக்குப் போறதை வராமல் விட்டதெண்டு போடுறேல்லை. அப்படிப் போட்டால் தாய் தேப்பன் பிள்ளையை நிப்பாட்டிப் போடுங்கள். எல்லாப் பள்ளிக்கூடத்திலையும் உப்பிடித்தான்."

"பஸ்லியா ஒவ்வொரு நாளும் வந்தவள். நீங்கள் இருக்கச் சொன்னபடியால் இருந்தவள்."

"வந்தவள்தான். ஆனா விளையாட்டு உடுப்போடை நிண்டால்தானே வரவு போடலாம்."

"நல்லூரிலை இருந்த பிள்ளை எந்த உடுப்போடை நிண்டது சேர்?"

அருள்நேசன் தேநீர்க் கோப்பையை மெதுவாக வைத்தார். "ரீச்சர், இதைச் சமயப் பிரச்சினை ஆக்க வேண்டாம். நோன்பை நாங்கள் எல்லாரும் மதிக்கிறம். ஒருத்தரும் ஒரு குறை சொல்லேல்லை. பதிவிலை என்ன கிடக்கோ அதைத்தானே எடுக்கலாம்?"

ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லைத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது தன் மருமகளைப் புகுத்தப் பார்த்திருந்தால்கூடச் சண்டை பிடித்திருக்கலாம். நானும் தேடிப் பார்த்தேன், அப்படி ஒருவரும் இல்லை. அவள் பெயர் முதலில் நிற்பது அவர்கள் கண்ணுக்குப் பிழையாகப் பட்டது. கண்ணுக்குச் சரியாகும் வரைக்கும் பங்கு பங்காகச் சேர்த்தார்கள். சேர்த்தது என் கை.

எழும்புகிற நேரம் ஹரோல்ட் ஆறுதலாகச் சொன்னார்: "பாவம், அவளைப் பதிவெழுதக் கூட்டிக்கொண்டு போவம் ரீச்சர். நல்லா எழுதுறவள்தானே. கொழும்பும் பாத்த மாதிரி."

சோனகதெருவுக்கு நானே போனேன். வேறு யாரும் சொல்லி அவள் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். தாய் றபீக்கா கதிரையைத் துடைத்துப் போட்டார். பஸ்லியா கதவு நிலையில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டாள். பதிவெழுதுகிற கதையைச் சொன்னதும் தாயின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"போயிட்டு வாவன் மகள். அணியோடைதானே போறாய்."

"நான் எழுத மாட்டன் உம்மா."

"முந்தி எழுதினனிதானே?"

"அது பெருநாள் முடிய விளையாடலாமெண்டு எழுதினது," என்றாள். உள்ளே போய்விட்டாள். றபீக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரீச்சர், ரியூசன் போன பிள்ளையளின்ரை ஆட்டத்தையும் அவள்தானே உங்களுக்கு எழுதித் தந்தவள்?" தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கள் அறிவித்தல் பலகையில் பன்னிரண்டு பெயர் தொங்கியது. கீழே, 'விஞ்ஞானபூர்வமான புள்ளிவிபர முறையில் தெரிவு செய்யப்பட்டது. ஆலோசனை: திருமதி நிமலினி.' என் பெயரைச் சிவப்புப் பேனாவால் வெட்டினேன். மறுநாள் காலை புதுத் தாள் ஒட்டியிருந்தது, என் பெயர் முந்தியதைவிடப் பெரிய எழுத்தில். அதிபரிடம் போனேன். "ஏன் ரீச்சர், பெருமைதானே?" என்றார். பட்டியலைத் திருத்தச் சொன்னேன். தெரிவுக்குழுவில் தான் தலையிடுவதில்லை என்றார்.

அணி போனது. பதிவெழுத ஒருவரும் போகவில்லை, எழுதத் தெரிந்தவள் வீட்டில் இருந்தாள். இறுதிப் போட்டி வரைக்கும் வந்து நாலு புள்ளியால் தோற்றார்கள். இரண்டாம் இடம். எங்கள் கல்லூரிக்கு இது பெரிய காரியம். புகையிரத நிலையத்திலிருந்து பாண்ட் வாத்தியத்தோடு ஊர்வலம், மண்டபத்தில் வரவேற்பு. அருள்நேசன் மாலையோடு மேடையில் நின்று, சரியான பிள்ளைகளைச் சரியான முறையில் தெரிவு செய்த கதையைச் சொல்லத் தொடங்கினார். என் பெயரையும் சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்குக் கூசியது.

பஸ்லியா கடைசி வரிசையில் இருந்தாள். வந்த பிள்ளைகள் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தார்கள், அவளும் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எழும்பி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"ரீச்சர், நாலு புள்ளி. நான் நிண்டிருந்தால் வெண்டிருப்பமோ?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் முதல்நாள் என்னிடம் வந்தது எண்ணத்தையும் உண்மையையும் பிரித்துத் தரச் சொல்லி. அவளுக்குப் போய் எப்படிப் பொய் சொல்வது?

"தெரியாது பிள்ளை."

"கணக்குப் போட்டுப் பாக்கேலாதோ?"

"ஏலாது. ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை. எழுதியிருந்தாலும், நீ அங்கை நிக்கேல்லையே."

பாடத்தில் ஒரு நிறுவல் முடியும்போது செய்கிற மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"அப்ப நான் வெல்ல வைச்சிருப்பன் எண்டு என்னாலை ஒரு நாளும் சொல்லேலாது."

"ஏலாது."

"தங்கடை தெரிவு சரியெண்டு அவையள் மட்டும் சொல்லலாம், என்ன ரீச்சர்?"

மேடையில் அருள்நேசன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.