ஆத்தாளுக்குச் சாத்திய கண்

"யாரும்மா அது, செவப்புத் தலப்பா?" என்று மடியில் கிடந்த ராஜாத்தி கேட்டாள். அம்மை போட்டுக் கண் மூடிக் கிடந்த என் மகள் நிறம் சொல்கிறாள்! சந்தோஷப்படக்கூட விடாமல் வாசலில் வந்து நின்றான், துரைகளுக்கு மொழிபெயர்க்கும் கோட்டைத் துபாசி தசரதன். அவன் முகத்திலும் அம்மைத் தழும்புதான்.

"இருசம்மா, உம் புருசன் வேலுவக் கோட்டையில அடச்சிட்டாங்க. போன மாசம் கப்பல் சாமானோட அவன் படகு ஏரியில கவுந்துச்சே, அதுல ஒல்லாந்துத் துரையோட வெள்ளி வில்லை ஒண்ணு காணோம். இவன்தான் எடுத்தான்றாரு."

"கோட்டையில இல்லாத வெள்ளியா? ஒரு வில்லைக்கா இந்த ஆட்டம்?"

"அது பிரான்சு தேசத்துப் பண்டிதருங்க சபை அடிச்ச வில்லை. துரை அந்த மாதிரி வில்லைங்கள ஆள் வச்சுத் தேடிச் சேக்குறாரு. ஒரு பக்கம் ராசா மூஞ்சி, மறுபக்கம் ஈட்டி புடிச்ச பொம்பள. கெடைக்கலேன்னா நாளைக்கு வேலுவத் தூர தேசத்துக்குக் கப்பலேத்திடுவாங்க."

அந்த ஈட்டிக்காரியை எனக்குத் தெரியும். ஏரியில் இறால் தடவும்போது சேற்றோடு கையில் வந்தவள். ஏரி கொடுத்ததை யாருடையது என்று எவள் கேட்பாள்? பிள்ளைக்கு அம்மை கண்ணில் இறங்கியிருந்த நேரம். ஆத்தாளே கொடுத்தாள் என்று தட்டானிடம் ஓடி, அதை உருக்கிக் கண்மலர் அடித்து, எல்லம்மனுக்குச் சாத்திவிட்டேன். மறுநாளே ராஜாத்தி கண் திறந்தாள்.

சாத்திய கண்ணைப் பிடுங்கினால் ஆத்தா யார் கண்ணை எடுப்பாள்? வாயை மூடிக்கொண்டால் வேலு போய்விடுவார். கப்பலேறிப் போனவன் எவன் திரும்பி வந்தான்? புருஷனா, பிள்ளை கண்ணா என்று கேட்டால் நான் எதைச் சொல்ல?

ராஜாத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். "வாங்க சாமி, காட்டுறேன்."

கோயில் கூரைக்குள் வெள்ளிக் கண்கள் இரண்டும் எங்களையே பார்த்தன.

"எடுத்தது நானு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. உங்க துரை வில்லை அதோ, அவ கண்ணா இருக்குது. எடுத்துக்கினு போயி அவர விடச் சொல்லுங்க. ஆனா நான் தொடமாட்டேன். நீங்களே புடுங்கிக்குங்க."

தசரதன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. செருப்பைக் கழற்றினான். உள்ளே போய் ஆத்தாள் முகத்துக்கு நேரே கையை நீட்டினான். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யம்மா," என்றாள் ராஜாத்தி, "அவரு கை நடுங்குது."