தோளில் ஒரு சிவப்பு நூல்

முடிச்சூரில் அந்த நாளில் பெண்கள் வேலைக்குப் போனால் அது கம்பெனி வேலைதான். வேறு வேலை ஊரில் கிடையாது, அதாவது யாரும் சொல்லிக்கொள்வது கிடையாது. தாம்பரத்தைத் தாண்டி, வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனிகள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாலைந்து பெண்கள் உண்மையாகவே அங்கே போய்க் காலர் தைத்தார்கள். மற்றவர்கள் சேலையூரில் பாத்திரம் தேய்த்தார்கள், குரோம்பேட்டையில் பிள்ளைக்குக் கால் கழுவினார்கள், சாயங்காலம் முடிச்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மட்டும் கம்பெனி விட்டு வந்தார்கள். நேற்றுவரை ஆள் வைத்து நாற்று நட்ட குடும்பங்கள். நிலத்தை பிளாட் போட்டு விற்றுத் தின்று தீர்த்த பிறகும் வீம்பு மட்டும் தீரவில்லை.

கம்பெனி விட்டு வருகிற பெண்ணின் புடவையில் வெட்டி விழுந்த நூல் இரண்டொன்று ஒட்டியிருக்கும். அதனால் மற்றவர்களும் தையல்கடை வாசலில் கிடக்கிற நூலைப் பொறுக்கி, பஸ்ஸில் வரும்போதே தோளில் ஒட்டிக்கொள்வார்கள். வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க, அதைச் சலித்துக்கொண்டே தட்டிவிட வேண்டும். இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத வித்தை. அங்காளம்மாள் தன் ஓர்ப்படி சாமுண்டீஸ்வரியைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

சாமுண்டீஸ்வரி, கணவனின் அண்ணன் மனைவி. அவள் தோளில் எப்போதும் சிவப்பு நூல்தான். எந்தக் கம்பெனியில் எந்நாளும் சிவப்புச் சட்டையே தைக்கிறார்கள் என்று அங்காளம்மாளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை. பிறகு ஒருநாள் சாமுண்டீஸ்வரி வேலையை விட்டு நின்றாள். ஆர்டர் இல்லையாம். அதையும் யாரும் கேட்கவில்லை.

அங்காளம்மாளின் கணவன் குப்புராஜ், நிலம் விற்ற காசில் வேன் வாங்கியவன். வேன் வண்டலூர் பக்கம் கவிழ்ந்தது. வேனும் போய், அவனுடைய இடது காலும் மடங்காமல் போயிற்று. டீக்கடையில் மட்டும் அவனை இன்னும் பண்ணைக்காரரே என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே விந்தி விந்தி தினமும் போய் உட்கார்ந்தான். "என் சம்சாரம் கம்பெனிக்குப் போவப்போறா" என்று அங்கே ஒருநாள் சொல்லிவிட்டும் வந்தான். கம்பெனியில் அவளுடைய வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் இருந்தன. அரிசி டின்னின் அடி தெரிந்தது.

தெரிந்த வேலை பிள்ளை வளர்ப்பதுதான். ஆயா வேலைக்கு இடம் சொல்கிறவர் இஸ்திரி வண்டிக்காரர் சவுரிமுத்து. கிழக்குத் தாம்பரத்தில் வண்டி. மாடம்பாக்கம்வரை நாலு காலனித் துணியும் அவர் கையில்தான். எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, எந்த அம்மா ஆபீஸுக்குத் திரும்பப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் ஒரு பெரிய குணம், எந்தப் பெண் எந்த வீட்டில் இருந்தாள் என்று செத்தாலும் சொல்ல மாட்டார். அந்தக் குணத்துக்காகவே பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். அந்தக் குணம்தான் பின்னால் வினையாயிற்று.

முதலில் சொன்ன வீடு குரோம்பேட்டையில். "குழந்தையைப் பாத்துண்டா போதும், வேற ஒண்ணும் கிடையாது" என்றாள் அந்த அம்மாள். சொல்லும்போது அங்காளம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கொல்லையில் பத்துப்பாத்திரம் குன்றாகக் கிடந்தது. அங்காளம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்த வீடு சேலையூரில். ஆபீஸுக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவார்களாம், பத்திரத்துக்காம். தீப்பிடித்தால் யாருக்குப் பத்திரம் என்று கேட்க வாய் வந்தது. அதையும் வேண்டாமென்று எழுந்து வந்தாள். ஆக அவளுக்கு வீட்டைப் பார்த்ததும் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை. வாசலைத் தாண்டும்போதே வாடை மூக்கில் ஏறிவிடும்.

மூன்றாவது வீடு மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய காலனியில். சாவித்ரி டீச்சர் வீடு. குழந்தை தவழ்கிற பருவம், பெண். டீச்சர் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாள். அங்காளம்மாள் தரையில் உட்கார்ந்தாள். குழந்தை நேராகத் தவழ்ந்து வந்து அவளுடைய விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அதோடு அவளுடைய கணக்கெல்லாம் கலைந்தது.

"முன்னாடி இருந்தவங்க ஏன் நின்னுட்டாங்க?" என்று கேட்டாள். எந்த வீட்டிலும் முதலில் இதைத்தான் கேட்பாள்.

"ஊருக்குப் போயிட்டாங்க" என்றாள் டீச்சர், கேள்வி முடியும் முன்பே.

அதே நேரத்தில் உள்ளேயிருந்து டீச்சரின் கணவர் சிட்டிபாபுவின் குரல் வந்தது. "அவளுக்குக் கை சரியில்லம்மா. எடுத்துடுவா."

ஒரு கேள்விக்கு இரண்டு பதில். டீச்சர் புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அங்காளம்மாளுக்கு மூக்கில் ஏறத்தான் செய்தது. எது நிஜம் என்று கேட்டிருக்கலாம். அதற்குள் டீச்சர் திருப்பிக் கேட்டுவிட்டாள். "உங்க பேரு என்ன? எந்த ஊரு?"

"கங்கையம்மா. வாலாஜாபாத் பக்கம்."

இரண்டும் பொய். முடிச்சூர் என்று சொன்னால் யாராவது யாரிடமாவது சொல்லி, பண்ணைக்காரர் போய் உட்காருகிற டீக்கடைவரை வந்துவிடுமே. தானே பொய் சொல்லி உட்கார்ந்திருக்கிறவள், எதிரில் இருப்பவளின் பொய்யை எப்படித் துருவுவது? வெட்கம் வாயை அடைத்தது. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வேலை அவளுக்கு ஆயிற்று.

குழந்தையின் அறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் ஆணித் துளைகள் இருந்தன. கழற்றி அதிக நாள் ஆகவில்லை, மரம் வெளுப்பாகத் தெரிந்தது. "குழந்தை உள்ள தாப்பா போட்டுக்கிட்டா வம்புன்னு அவர் எடுத்துட்டார்" என்றாள் டீச்சர். சரிதான் என்று அங்காளம்மாளும் தலையாட்டினாள். தவழ்கிற குழந்தைக்கு அவ்வளவு உயரத்தில் கை எப்படி எட்டும் என்று அப்போது தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்று சொன்னால்தான் சரி.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் டீச்சரும் சிட்டிபாபுவும் கிளம்பிவிடுவார்கள். குழந்தையைக் குளிப்பாட்டி, பருப்புச் சோறு பிசைந்து ஊட்டி, தூளியில் போட்டு ஆட்டினால் பகல் ஓடிவிடும். சாயங்காலம் தாம்பரத்தில் பஸ் மாறும்போது ஒரு தையல்கடை வாசலில் குனிந்து நூல் பொறுக்குவாள். அவளுக்கு நீல நூல் கிடைத்தது. வீட்டு வாசலில் நின்று அதைத் தட்டிவிடும்போது குப்புராஜின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

பிறகு சிட்டிபாபுவுக்கு ஷிப்ட் மாறியது. வாராவாரம் மாறும் என்றும், ராத்திரி ஷிப்ட் வந்தால் பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பான் என்றும் அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"குழந்தை தூங்கிடுச்சா கங்கா?" என்று அறை வாசலில் வந்து நின்றான். ஆயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அன்றைக்குப் பெயரைச் சொன்னான். அவள் தூளியைப் பிடித்தபடி, "தூங்குது சார்" என்றாள். அவன் உள்ளே வந்தான். குழந்தையைப் பார்க்கிற சாக்கில் தூளிக் கயிற்றில் இருந்த அவளுடைய கையின் மேல் கையை வைத்தான். எடுக்கவில்லை. மற்றக் கையால் கதவைச் சாத்தினான். அவள் கதவைப் பார்த்தாள். அந்த ஆணித் துளைகள் கண்ணுக்கு நேராக இருந்தன. அது யாருக்காகக் கழற்றிய தாழ்ப்பாள் என்று அப்போது புரிந்தது. உடம்பு கூசிச் சுருங்கியது. அவன் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த அருவருப்புதான் அதிகம், தெரிந்தே வந்து உட்கார்ந்தோமே என்று.

கையை உதறிப் பிடுங்கினாள். தூளியிலிருந்து குழந்தையை அள்ளினாள். அது வீறிட்டு அழுதது. அழுகிற குழந்தையை மார்போடு வைத்திருப்பவளைத் தடுக்க அவனுக்குத் துணிவில்லை. பின்பக்கம் போய், துவைக்கிற கல்லுக்கு மேலே சுவர் மாடத்தில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையை இழுத்தாள். பைக்குப் பின்னாலிருந்து ஒரு தீப்பெட்டி கீழே விழுந்து திறந்துகொண்டது. உள்ளே தீக்குச்சி இல்லை. துண்டு துண்டாகச் சிவப்பு நூல்.

அங்காளம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குழந்தையை அவனிடம் விட்டுப் போக மனம் வரவில்லை. தெருவே பார்க்கும்படி வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்து, முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். ஆயாக்காரி எஜமான் வீட்டு வாசலில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அவள் என்னவோ திருடியிருக்கிறாள் என்றுதான் உலகம் நினைக்கும். நினைத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், படியில் அவளைக் கண்டதும் கேட்டுக்குள் நுழையாமல் நின்றுவிட்டாள். என்ன என்று கேட்கவில்லை. கேட்காததே போதுமாக இருந்தது.

"உங்களுக்குத் தெரியும் இல்ல டீச்சர்?"

டீச்சர் குழந்தையை வாங்கிக்கொண்டாள். முகத்தைக் குழந்தையின் கழுத்தில் வைத்துக்கொண்டு, மிக மெதுவாக, "நாளைக்கு வருவீங்களா?" என்றாள். பிறகு அவளே, "வேண்டாம், வராதீங்க" என்றாள். அங்காளம்மாள் அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வெயிலில் அத்தனை நேரமும் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

முடிச்சூரில் இறங்கியவள் நேராக ஓர்ப்படி வீட்டுக்குப் போனாள். சாமுண்டீஸ்வரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அங்காளம்மாள் தீப்பெட்டியை அந்த அரிசியின் மேல் போட்டாள்.

சாமுண்டீஸ்வரி அதைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். தெருக்கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்த வூட்ல இருந்தியாக்கா நீ? அவன் இன்னா மாதிரி ஆளுன்னு தெரிஞ்சுகினு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்?"

"உங்கிட்ட எப்படிடி சொல்லுவேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "நீ கம்பெனிக்குப் போறேன்னுதானே சொன்னே."

அங்காளம்மாள் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாமுண்டீஸ்வரி பிறகு சொன்னாள், தன்மேல் அவன் திருட்டுப் பட்டம் கட்டியதை, குழந்தையின் வெள்ளி அரைஞாணை எடுத்தாள் என்று சொன்னதை. விஷயம் வெளியே வந்தால் அவளுடைய கணவர் அரிவாள் எடுப்பார், அதற்குமுன் எல்லோருக்கும் அவள் ஆயா என்று தெரிந்துபோகும். அந்த இரண்டாவதுக்குத்தான் அதிகம் பயந்தாளாம்.

"சவுரிமுத்து கிட்ட இன்னாக்கா சொன்னே?"

"வூட்ல வுடமாட்றாங்கன்னேன்."

அங்காளம்மாளும் அன்றைக்குத் தாம்பரத்தில் அவருடைய வண்டியைத் தாண்டும்போது அதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் பாவம், இடம் காலி என்று வேறு யாரிடமாவது சொல்லிவிடுவார்.

யாரிடம் சொன்னார் என்பது மறுநாள் தண்ணீர்க் குழாயிலேயே தெரிந்தது. மேலத்தெரு முனியம்மா, கல்யாணமாகி வந்த சின்னப் பெண், குடத்தை வைத்தபடி பூரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கும் கம்பெனி கெடச்சிட்ச்சிக்கா. மாடம்பாக்கம் பக்கம். நாளைலேர்ந்து வரச் சொல்லிகிறாங்க." மாடம்பாக்கத்தில் ஏது தையல் கம்பெனி என்று குழாயடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் நல்லது நல்லது என்றார்கள். சாமுண்டீஸ்வரி தலையை நிமிர்த்தவே இல்லை. அங்காளம்மாள் வாயைத் திறந்தாள். பின்னால் வரிசையில் டீக்கடைக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வீடுவரைக்கும் தண்ணீர் தளும்பிப் புடவை நனைந்தது.

குப்புராஜ் இன்றைக்குக் கம்பெனி லீவா என்று கேட்டதும் அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் முனியம்மா புதுப் புடவையோடும் டிபன் டப்பாவோடும் நின்றிருந்தாள். சுற்றிலும் ஊர்ப் பெண்கள். அங்காளம்மாள் வேகமாக நடந்து வந்தாள். கையில் பை இல்லை, தலைகூடச் சரியாக வாரவில்லை. முனியம்மாவின் தோளைப் பார்த்ததும் நின்றாள். புடவையில் பச்சை நூல் ஒன்று ஒட்டியிருந்தது. பாவிப் பெண், போகும்போதே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அங்காளம்மாள் அந்த நூலை எடுத்தாள்.

"இத சாயங்காலம் திரும்பி வர்றப்போதான்டி ஒட்டிக்கணும்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனியம்மாவின் முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது. எல்லோர் எதிரிலும் மானத்தை வாங்கிவிட்டாளே என்று அங்காளம்மாளை வெறுப்போடு பார்த்தாள். அங்காளம்மாளுக்கும் காது மடல் எரிந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீக்கடை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் அந்த டீச்சர் வூட்ல ஆயாவா இருந்தேன். அங்க கொழந்த ரூம்ல உள்தாப்பா கழட்டிகீது. வூட்டுக்காரன் பகல்ல வூட்லயே இருப்பான். போவாத."

டீக்கடை பெஞ்சில் குப்புராஜ் உட்கார்ந்திருந்தான். டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

பஸ் வந்தது. சில பெண்கள் ஏறினார்கள். முனியம்மா ஏறவில்லை. கொஞ்சம் தள்ளி, இத்தனை நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற சாமுண்டீஸ்வரி மெல்ல நடந்து அவர்கள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு முன்னாடியும் அங்க ஒருத்தி இருந்தா" என்றாள். "அது யாருன்னு இன்னிக்கு வரிக்கும் எனக்குத் தெரியாது."

ஏறாமல் நின்ற பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.