தார் ரோட்டில் அறுபது பேர்

கரமனை நடைபாதையில் காய்கறி விற்கும் அறுபது பேர், கடைகளை அகற்றக் கூடாது என்று கேட்டு மாநகராட்சி அலுவலக வாசலில் கூடியிருந்தார்கள். ஒரு கல் பறந்தால் போதும், கலவரக்காரர்கள் என்று சொல்லி மறுநாளே கடைகளை அள்ளிவிடுவார்கள். சங்கச் செயலாளர் தாணுமாலையனுக்கு அதுதான் பயம்.

பயத்துக்குக் காரணம் சுனில். மூன்று வாரத்துக்கு முன் தக்காளிக் கடை போட்டுச் சங்கத்தில் சேர்ந்தவன். மொத்த வியாபாரி சொன்ன விலைக்கே சரக்கெடுப்பான். “பேரம் பேசாதவன் யாவாரியா அண்ணாச்சி? எவனோ அனுப்புன ஆளாக்கும்” என்று கீரை விற்கும் உலகம்மாள் அன்றே சொன்னாள். ஆனால் ஆதாரம் இல்லை. சந்தேகத்துக்கு ஒருவனை விரட்டினால், நாளைக்கு ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டுச் சங்கமே காலியாகிவிடும்.

இப்போது சுனில் கருங்கல்லைக் கையில் எடுத்துவிட்டான். “பேசிப் பேசி என்ன கிட்டிச்சு? கண்ணாடியை உடைங்கடே!” என்று கத்தினான். நாலைந்து இளவட்டங்கள் குனிந்து கல் தேடின.

உலகம்மாள் அவனைத் திட்டவில்லை, தொடவுமில்லை. “காலு கடுக்கு. எல்லாரும் இரிங்க மக்களே” என்று சொல்லித் தார் ரோட்டில் சம்மணம் போட்டாள். பக்கத்துக்காரி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். மழை கண்ட சந்தையில் கடை கடையாகப் படுதா இறங்குவதுபோல் கூட்டம் கடைசி வரிசை வரை தாழ்ந்தது. குனிந்த இளவட்டங்களும் அப்படியே உட்கார்ந்துவிட்டன.

உச்சி வெயிலில், கையில் கல்லோடு, சுனில் தனிமரமாக நின்றான். போலீஸ், கேமரா, போகிற பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் அவனையே பார்த்தன. கல்லை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நழுவினான்.

ஆயிரம் பேரம் கண்ட தாணுமாலையன் இப்படிப் பேரம் முடிப்பவளைக் கண்டதில்லை. வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, நீரும் அவன் ஆளா?” என்றாள் உலகம்மாள்.

அப்போதுதான் தானும் நின்றுகொண்டிருப்பது தெரிந்து, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தார்.