இந்தத் தடவை திறக்காதவர்

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழைவதற்கு முன்னால் நான் நுழைந்து, ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியே என்னை வேலைக்கு வைத்திருக்கிறது. அக்கா கேலி செய்வாள், திருடுவதற்கும் படிப்பு வந்துவிட்டதா என்று.

அந்த அக்கா இப்போது மேல்மாடியில், ஆபரேஷன் தியேட்டரில். நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் லேப்டாப்பைத் திறந்தேன். யாரோ உள்ளே புகுந்திருந்தார்கள். நோயாளிகளின் விவரங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்தன. இது எங்கள் சோதனை வாரம்தான். ஆனால் என் ஆட்களுக்குப் போன் போட்டால், நாங்கள் எதையும் தொடவில்லை என்றார்கள்.

கீழ்த்தளத்துக்கு ஓடினேன். சர்வர் அறையில் பொறுப்பாளர் மட்டும் இருந்தார். நல்ல மனிதர், அதுதான் வினை. போன மாதச் சோதனையில் இரவல் நர்ஸ் யூனிஃபார்மில் வந்து, அக்கா ஆபரேஷனில் இருக்கிறாள் என்று நான் பொய்யாக அழுததும் கதவைத் திறந்துவிட்டார். அதற்காக எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு வகுப்பெடுத்ததும் நான்தான். யார் அழுதாலும் திறக்காதீர்கள், யார் சொன்னாலும் எதையும் நிறுத்தாதீர்கள், நானே வந்து நின்றாலும் நம்பாதீர்கள். இது சோதனை இல்லை என்று சொல்லும் அதிகாரம் தலைமை மருத்துவர் ஒருவருக்குத்தான்.

அவர்தான் அக்காவுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்.

கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். எல்லா இணைப்பையும் உடனே பிடுங்கச் சொன்னேன். நாற்காலியில் இருந்தபடியே அவர் சிரித்தார்.

"சார், இது டெஸ்ட் இல்ல. எங்க அக்கா மேல ஆபரேஷன்ல இருக்கா."

"போன தடவையும் அக்காதானே மேடம்."

கெஞ்சினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அலாரம் அடிப்பதைக் காட்டினேன். சோதனை வாரத்தில் அடிக்கத்தானே செய்யும் என்றார். தியேட்டருக்குப் போன் செய்து கேளுங்கள் என்றேன். வந்து நிற்கிறவர் சொல்கிற இடத்துக்குப் போன் செய்யக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்ததை, வரி பிசகாமல் எனக்கே ஒப்பித்தார். இவ்வளவு நன்றாகப் படித்த மாணவரை நான் பார்த்ததில்லை. அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அவருக்குப் பின்னால் திரைகள் அணைய ஆரம்பித்தன. மாடிப்படியில் ஒரு நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"தியேட்டர்ல ஸ்கிரீன் எல்லாம் போயிடுச்சு. பேஷண்டுக்கு ரத்தம் போகுது, பிளட் பேங்க் கம்ப்யூட்டர்லயும் எதுவுமே வரல. சீக்கிரம் எதாவது பண்ணுங்க."

கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொறுப்பாளர் எழுந்து கண்ணாடி அருகே வந்தார். நர்ஸின் யூனிஃபார்மை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

"இந்தத் தடவை வேற ஆளுக்கு யூனிஃபார்ம் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. ஆனா நான் திறக்கல மேடம். மறக்காம ரிப்போர்ட்ல எழுதுங்க."