கப்பித்தானின் இடது கண்

1

இந்தக் கதையை எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. 1946-ல் தூத்துக்குடி மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒருவர் நாயைத் தோளில் சுமந்து நின்றார். நாயின் இடது கண் குழியை விட்டு வெளியே தள்ளியிருந்தது. என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கேட்காததைத்தான் இப்போது கற்பனை செய்கிறேன்.

2

"சங்கு குளிக்கும் இனிகோ மிக நல்லவர், ஆகையால்..."

(இந்த வரியை அடித்துவிட்டேன். நல்லவரா என்பது போகப்போகத் தெரியட்டும்.)

இனிகோவின் நாய் கப்பித்தான் வள்ளத்தில் கூடவே போகும். அவர் மூழ்கி எழத் தாமதித்தால் கடலில் குதித்துவிடும். இரண்டு மாதமாக அதன் கண் பிதுங்கிக்கொண்டே வந்தது. ஆழத்தில் நீர் அழுத்திக் குளியாட்களின் கண் சிவப்பதை இனிகோ பார்த்திருக்கிறார். தன்னைத் தேடிக் குதித்ததால்தான் நாய்க்கும் இப்படி என்று நம்பினார்.*

"ஏலே இனிகோ, நீ சங்கை வெளிய கொண்டு வார. ஒன் நாய் கண்ணையே வெளிய கொண்டு வருது" என்றார்கள் வள்ளத்தில்.

இனிகோ கடலுக்குப் போவதை நிறுத்தினார். வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. கண் மேலும் பிதுங்கியது.

* நாய் நீர்மேலேயே நீந்தும், ஆழத்துக்குப் போகாது. இது அவருக்கும் தெரியும். (இங்கே ஒரு சிறு பிரசங்கம் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

3

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஞானையா நாயின் வாயைத் திறந்து பார்த்தார். இமையை மூடி மெல்ல அழுத்தினார்.

"கண்ணுக்குப் பின்னால சீழ் வச்சிருந்தா வாயைத் தொறக்கவே விட்டிருக்காது. இது கட்டி. உள்ள இருந்து வளந்து கண்ணைத் தள்ளுது."

"தண்ணியில குதிச்சதால இல்லியா, ஐயா?"

"கடலையே பாக்காத பூனைக்கும் வந்திருக்கு வே. உம்ம தப்பு ஒண்ணுமில்ல."

இந்த இடத்தில் இனிகோ ஆறுதலடைவார் என்று எழுத வந்தேன். அவரோ தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எந் தப்பா இருந்தா, கடலுக்குப் போவாம இருந்தா சரியாயிரும்னுல்லா இருந்தேன். இனி நான் என்ன செய்ய?"

"கண்ணோட சேத்துக் கட்டியை எடுக்கலாம். மயக்கத்துலயே போனாலும் போயிரும். பொழைச்சாலும் திரும்ப வளரலாம். இல்லன்னா, வலி முத்துறதுக்கு முன்னால ஊசி போட்டுத் தூங்க வச்சிரலாம். நீருதான் சொல்லணும்."

4

முதல் முடிவு: ஒற்றைக் கண்ணோடு கப்பித்தான் வள்ளத்தில் ஏறுகிறது. (எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே சந்தேகப்படுகிறேன்.)

இரண்டாம் முடிவு: இனிகோ நாயின் தலையை மடியில் வைத்து, டாக்டர் ஊசியை...

எது அன்பு என்று ஆண்டவரிடம் கேட்டேன். பிழைக்க வைப்பதும் அன்பாகத் தெரிகிறது, விட்டுவிடுவதும் அப்படியே. இனிகோவுக்காக நான் முடிவு செய்தால், அவருடைய பாரத்தை எடுத்துக்கொள்கிறேனா, அவருடைய நாயையே எடுத்துக்கொள்கிறேனா?

நீங்கள் சொல்லுங்கள். டாக்டர் கை கழுவப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் இனிகோ பதில் சொல்ல வேண்டும். அவசரமில்லை. விரல் விரலாகத் தேய்த்து, மெதுவாகக் கழுவும்படி அவரை எழுதியிருக்கிறேன்.