முந்நூற்றில் பன்னிரண்டு பிழை

கையெழுத்துப் போட்டதே நான்தான். யாரைக் குறை சொல்ல?

2009, சண்டை முடிந்த வருசம். பொத்துவிலுக்கு உள்ளே, வயற்கரையில் புதிதாகத் திறந்த மருந்தகத்தில் டாக்டர் இல்லை, வெளியூரிலிருந்து வந்த தாதி செல்லத்தங்கம் மிஸ்ஸி மட்டும்தான். அவருக்கு உதவியாக எங்கள் கல்முனைக் கந்தோரில் ஒரு கணினிப் புரோகிராம் செய்தோம். வருத்தக்காரர் தன் நோயைச் சொல்வதைத் தட்டினால், அவரைப் போன்ற பழைய வருத்தக்காரர் ஒருவரைத் தேடியெடுத்து, அவருக்குச் செய்த வைத்தியத்தைச் சொல்லும். ஆஸ்பத்திரியில் இருந்த பழைய வருத்தக்காரர் அட்டைகளைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. அதனால் வயலால் ஆட்கள் திரும்பும் மஃரிப் வேளையில் வீடு வீடாகப் போய், அவர்கள் சொன்னபடியே முந்நூறு பேரின் பழைய வருத்தத்தையும் வைத்தியத்தையும் எழுதினோம்.

பரிசோதிப்பது என் வேலை. ஒருவரின் பதிவை ஒளித்துவைத்து, அவரையே புது ஆளாகக் கேட்பேன். மற்றவர்களை வைத்து அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பேன். பன்னிரண்டு மட்டும் பிழை. தட்டச்சுத் தவறாக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்ற பெருமை என் கண்ணை மறைத்தது.

மருந்தகத்தில் அது ஓடத் தொடங்கிய அன்று, இஷாத் தொழுகைக்குப் பள்ளிக்குப் புறப்பட்ட வாப்பாவிடம், "டோர்ச்ச எடுத்துப் போங்க வாப்பா, பூச்சி கிடக்கும்" என்றேன். சொன்ன வாயோடு நின்றுவிட்டேன். பொழுதுபட்டால் எங்கள் பக்கம் யாரும் பாம்பின் பேரைச் சொல்வதில்லை, பூச்சி என்றுதான் சொல்வோம். நாங்கள் கேட்டு எழுதியதும் பொழுதுபட்டுத்தான். புரோகிராமோ அதைக் குளவி கொட்டியவரோடு சேர்த்துவிடும். அந்தப் பன்னிரண்டு பிழையும் இதுதான்.

உடனே மிஸ்ஸிக்கு ஃபோன் எடுத்தேன். பூச்சி கடி என்று சீனிமுகம்மது காக்கா வந்தாராம். புரோகிராம் சொன்னபடி களிம்பு பூசி இப்போதுதான் அனுப்பினாராம். ஓடிப்போய் மறிக்கச் சொன்னேன். அப்போதும் என் வாயில் அந்தப் பேர் வரவில்லை.

"பேரைச் சொல்லிக் கேக்காதீங்க மிஸ்ஸி, இந்த நேரத்தில அவர் ஓம் எண்ட மாட்டார். கடிச்ச பூச்சிக்குக் கால் இருந்திச்சா எண்டு மட்டும் கேளுங்க."

மிஸ்ஸி ஓடும் மூச்சுக் கேட்டது. பிறகு ஏதோ கதைக்கும் சத்தம்.

"இல்லையாம் தங்கச்சி. கண்மடல் ரெண்டும் சரியுது அவருக்கு."

அம்புலன்ஸ் போய், விஷமுறிவு ஊசி ஏற்றி, ஆள் தப்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

காலையில் கந்தோரில் கணினியைத் திறந்தேன். மருந்தகத்தின் முதல்நாள் பதிவு வந்திருந்தது. இனி வருபவர்களுக்கு உதாரணமாக, முந்நூற்றோராவது ஆளாக, சீனிமுகம்மது காக்காவை, நான் ஃபோன் எடுக்குமுன் மிஸ்ஸி பதிந்தபடியே, புரோகிராம் தானாகவே சேர்த்துவைத்திருந்தது: பூச்சி கடி. களிம்பு. வீடு சென்றார். வைத்தியம் சரி.