அரிவாளோடு வந்தால்

வெம்பக்கோட்டை நாகையா, மொக்கைச்சாமியின் தம்பியை வெட்டிக் கொன்றான். "அவந்தான் அரிவாளோட பாஞ்சான், உசுரக் காப்பாத்தத்தான் வெட்டினேன்" என்று கோர்ட்டில் பொய் சொல்லி, 1958இல் விடுதலையும் ஆனான்.

மொக்கைச்சாமியிடம் காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி இருந்தது. சாத்தூர் வக்கீலிடம் போய், மனிதனை எப்போது சுடலாம் என்று கேட்டான்.

"அரிவாளோட உம்மேல பாஞ்சா சுடலாம்ப்பா. திரும்பிப் போறவனைச் சுட்டா கொலை."

மறுநாள் உச்சிவெயிலில் நாகையாவின் வரப்பை வெட்டி, நெல்லுக்கு நின்ற தண்ணீரை வடியவிட்டு, அங்கேயே காத்திருந்தான். நினைத்தபடியே நாகையா அரிவாளை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான். மொக்கைச்சாமி துப்பாக்கியை உயர்த்தினான்.

நாகையா நின்றான். அரிவாளைச் சேற்றில் எறிந்துவிட்டு முதுகைக் காட்டினான்.

"ஏலே, அந்தச் சட்டம் எனக்குத் தெரியாதாலே? இப்பச் சுடு, உனக்குத் தூக்குத்தான். உன் தம்பியும் வெறுங்கையோடதான் நின்னான், ஆனா என்னை மாதிரிப் பொய் சொல்லித் தப்பிக்க உனக்கு மூளை பத்தாதுலே."

சிரித்துக்கொண்டே நடந்தான். மொக்கைச்சாமி அந்த முதுகில் சுட்டான்.

ஸ்டேஷனில் ஏட்டு இரக்கப்பட்டார். "அரிவாளோட வந்தான்னு சொல்லு, தப்பிச்சிரலாம்."

"அரிவாளைப் போட்டுட்டுப் போய்க்கிட்டுத்தான் இருந்தான் ஏட்டையா. தம்பிக்குப் பழியாத்தான் சுட்டேன். அப்படியே எழுதுங்க."